மாதுளை நிறக் கலசம்

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறார்.

அன்றைக்குக் கப்பல் போனில் உன்னிடம் ஒன்றும் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமியது எனக்கே கேட்டது. எனக்குப் பின்னால் உன் மாமா நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். மாமியாருக்காக இப்படி அழுகிற மருமகனை நான் பார்த்ததில்லை. கட்டிக்கொண்ட எனக்காக ஒரு நாள் அழுதிருக்கிறாரா கேள்.

அம்மா கஷ்டப்படவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியில் குத்திவிட்டு, "கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்றாளாம். தூங்குகிறாள் என்று நினைத்து அப்பா தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "நான் மிஷினை நிறுத்தவே இல்லம்மா."

மயானத்து ஆபீசில் சாம்பலை ஒரு தகர டப்பாவில் போட்டு, மூடியில் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பின்தெருவில் கலசம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். உலோகக் கலசம், நாம் சொல்கிற நிறத்தைப் பூசி, சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுப்பாராம். என்ன நிறம் என்று அப்பாவிடம் கேட்டேன். "அதை நான் பாத்துக்கறேன்" என்றார். நிறத்தை அப்பா பார்த்துக்கொள்கிறாராம்! சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே மண்ணாகத் தெரிகிற கண். அம்மா நூலை எடுத்து நீட்டாவிட்டால் ஒரு பொத்தான் தைக்க முடியாத தையல்காரர். இது நம் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். உன் மாமாவிடம்கூட இன்றுவரை நான் மூச்சு விட்டதில்லை. இப்போது நாலு மூன்றாகிவிட்டது.

நீயும் யோசித்து ஒரு நிறம் எழுது. அம்மாவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் நேற்று அப்பாவின் தையல்கடை அறையை முழுக்கத் துடைத்தேன். நூல்கண்டு ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, ஆணிப் பலகையில் சிவப்பில் தொடங்கி வானவில் மாதிரி வரிசையாக மாட்டி வைத்தேன். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. சமையல்காரன் பட்டினி கிடக்கக் கூடாது.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி கரண்டி எழுதிக்கொள்வது. அம்மா வைத்த பெயர். இனி அப்படிக் கூப்பிட ஆள் இல்லை, நானே போட்டுக்கொள்கிறேன். உடம்பு சுகம். உன் கடிதம் கம்பெனி ஆபீசுக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்துக்கு வந்து, நேற்றுத்தான் கையில் கிடைத்தது. அப்பாவுக்கு இருமல் இருக்கிறதா? நீ தூங்குகிறாயா? மாமாவுக்கு என் வணக்கம். அவர் அழுதார் என்று படித்ததும் அவர்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் போய்விட்டது.

இங்கே ஒரு வசதி உண்டு அக்கா. தினமும் ஒரு மூட்டை வெங்காயம் நறுக்குகிறேன். என் கண்ணைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

நிறத்தைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது: அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எதைக் கட்டினாலும் எனக்கு அம்மாவாகத்தான் தெரிந்தாள். யார் வீட்டுத் துணி எந்த நிறம் என்று அப்பாவுக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தவள், தனக்கு எது பிடிக்கும் என்று நம்மிடம் சொன்னதே இல்லையே.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்பாயா? நீலம் வைக்கலாம். நீலம் ஒன்றுதான் அப்பாவுக்கு நமக்குத் தெரிகிற மாதிரியே தெரிகிறது. தினமும் அதைப் பார்க்கப்போகிறவர் அவர்தானே. அவர் கண்ணுக்குப் பொய் சொல்லாத நிறமாக இருக்கட்டும். நல்ல அடர்ந்த நீலம். கலசக்காரரிடம் உடனே சொல்லிவிடு. அப்பாவைத் தனியாக அனுப்பாதே.

ஜனவரி வரை ஒப்பந்தம். அதற்கு முன்னால் இறங்க முடியுமா என்று கேப்டனிடம் கேட்டேன். "சமையல்காரன் இறங்கினால் கப்பலே இறங்கினமாதிரி" என்று சிரித்தார். பாராட்டா மறுப்பா என்று கேட்டேன். இரண்டும் என்றார்.

அப்பாவை அணைத்துக்கொண்டதாகச் சொல்.

அன்புடன்
தம்பி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நீ எப்போதும் கேட்பாயே, அப்பாவுக்கு இருமல் இல்லை, உனக்கு எழுதும்போது அதையாவது நல்லபடியாக எழுதலாம் என்று முதலில் எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது அப்பா தனியாகக் கலசக்காரரிடம் போய் வந்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. போன வாரம் சாயந்தரம் நான் அப்பா வீட்டுக்குள் நுழைகிறேன், மிஷினுக்குப் பக்கத்துப் பலகையில் கலசம் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவை அதில் மாற்றி, மூடியை வைத்து அடைத்தும் ஆகிவிட்டது. அப்பா குளித்து, தலை சீவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பச்சை, தம்பி. பாசிப்பச்சை. தேங்கிய குட்டையில் மிதக்குமே, அந்தப் பச்சை.

அவரே சொன்னார்: "உங்க அம்மா நிறம். மாதுளைச் சிவப்பு. நான் அவளுக்கு முதல்ல தைச்ச கோட்டு இந்த நிறம்தான். மாதுளம்பழத்தை உடைச்சா உள்ள இருக்குமே, அந்த நிறம்னு சொல்லுவா. வாழ்நாள்ல ஒரு தடவை யாரையும் கேக்காம நானே எடுத்தேன்ம்மா."

எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். அந்த மாதுளைச் சிவப்பு நூலை அம்மா வேறு யார் துணிக்கும் போட விடமாட்டாளாம். அதன் இடம் மூன்றாம் வரிசையில் கடைசி ஆணி. அங்கிருந்து கண்டை எடுத்துக்கொண்டு போய்க் கலசக்காரர் முன்னால் வைத்து, "இதே நிறம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்பாரா, கொடுத்ததைப் பூசிவிட்டார்.

பலகையைப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் பச்சை நூல்கள் இருக்கின்றன. துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்தில் யாரோ நூலையெல்லாம் இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு நூலாக எடுத்து நீட்டுவாள் என்றுதானே நாம் நினைத்திருந்தோம். அவள் ஆணிக்கு ஆணி இடம் வைத்திருக்கிறாள், அவர் கை நீட்டி எடுத்திருக்கிறார். இத்தனை வருஷமாக நமக்குத் தெரியாது.

"நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். என்ன செய்யட்டும், நீ சொல்.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி நாலு நிமிஷம் ஆகிறது, அடுத்த வரி வரவில்லை. என் நீலம் உனக்கு எப்போது வந்து சேர்ந்தது? சேர்ந்தபோது சிரித்திருப்பாய். கடலில் இருந்து நான் அனுப்புகிற புத்தியெல்லாம் கலியாணம் முடிந்த பிறகு வந்து சேருகிற மேளம்தான்.

அக்கா, அவரிடம் சொல்லிவிடு. இப்போதே சொன்னால் ஒரு நாள் வருத்தத்தோடு போகும். அல்லது அவருக்குத் தெரியாமல் கலசக்காரரைக் கூப்பிட்டு மேலே சிவப்பை அடித்துவிடு. அவருக்கு இரண்டும் ஒன்றுதானே. நீ மட்டும் நிம்மதியாகத் தூங்கலாம்.

யார் அந்தப் பலகையைத் தொட்டது? எதிர்வீட்டு டீச்சரா? அந்தம்மாவுக்குத்தான் அடுத்த வீட்டு அலமாரியை அடுக்காவிட்டால் சோறு இறங்காது. யார் என்று கண்டுபிடித்து எழுது. நான் வந்தால் அவர்கள் வீட்டுச் சமையலறையைப் போய் அடுக்கிவிட்டு வருகிறேன். உப்பு டப்பாவில் சர்க்கரை.

கோபத்தில் எழுதுகிறேன். இங்கே கோபப்பட இடமில்லை, எல்லாக் கதவும் சின்னது. அப்பாவுக்கு முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா? மாமாவுக்குப் பல்வலி, மற்றபடி எல்லோரும் சுகம். உன் நீலம் மார்ச் கடைசியில் வந்தது. சிரிக்கவில்லை. படித்துவிட்டு மடித்து என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சரியான யோசனை, அவ்வளவு பிந்தி.

மேலே சிவப்பு அடிக்க முடியாதாம். கலசக்காரரிடம் போய்க் கேட்டேன். சூளையில் சுட்ட பூச்சின் மேல் சும்மா அடித்தால் செதில் செதிலாக உரியுமாம். மாற்ற வேண்டுமானால் அடைத்த மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கலசத்தைத் திரும்பச் சூளைக்குள் விட வேண்டும். "எடுத்து வைக்க உங்க வீட்ல பாத்திரம் இருக்கா?" என்று கேட்டார். அவர் தொழிலுக்கு அது சாதாரணக் கேள்வி. நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். மறுபடி அந்தத் தகர டப்பாவா?

அப்பாவுக்குத் தெரியாமல் என்று எழுதுகிறாய். அவர் கலசத்தை விட்டு நகர்ந்தால்தானே! கடைக்குப் போகக்கூட என்னைத்தான் அனுப்புகிறார்.

இன்னொரு தொல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவரே ஆரம்பிக்கிறார்: "அவளுக்குப் பிடிச்ச சிவப்பு." முதலில் வந்த போஸ்ட்மாஸ்டர் பச்சைக் கலசத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மனைவி போன துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார். அதனால் இப்போது நான் வாசலிலேயே ஆளை மடக்குகிறேன். "உள்ள ஒரு கலசம் இருக்கும், நல்ல சிவப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஏன்னு கேக்காதீங்க." டீச்சர் கண்ணைச் சிமிட்டினாள். உன் மாமா மட்டும், "எனக்கு இப்பவாவது விஷயத்தைச் சொல்லு" என்று உயிரை வாங்குகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் தம்பி, ஒவ்வொரு நாளும் புதுச் சோறு, அதே பூசணிக்காய்.

சொல்லிவிடு என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். "நானே எடுத்தேன்ம்மா" என்றபோது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை.

வெயிலில் நிற்காதே.

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மாமாவின் பல் எப்படி இருக்கிறது? கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல்.

நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படித்தேன். நான் சொன்னது தப்பு. சொல்லாதே. ஆனால் எத்தனை நாள் வாசலில் நின்று ஆளை மடக்குவாய்? ஒரு நாள் நீ இல்லாதபோது ஒருவன் வந்து, "பச்சைக் கலசம் நல்லாருக்கே" என்று சொல்லாமல் இருப்பானா? இப்போதென்றால் அவர் அதை உன் வாயால் கேட்கலாம். பிறகு தெருவின் வாயால் கேட்பார். பாரு, சொல்லாதே என்று தொடங்கிச் சொல்லு என்று முடித்துவிட்டேன். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது கடல் நடுவில் இருந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

பலகையை மாற்றியது யார் என்று எழுதவில்லையே. டீச்சர்தானா?

அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று விவரமாக எழுது.

தம்பி


ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் எழுதி வெகுநாள் ஆகிவிட்டது. கை வலி, ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, வீட்டில் வேலை. அப்பா காலையில் ரொட்டி, மதியம் சோறு, ராத்திரி பால் சாப்பிடுகிறார். விவரமாகக் கேட்டாய், எழுதிவிட்டேன்.

போன மாதம்தான் அப்பா மறுபடி தைக்க உட்கார்ந்தார், முதலில் போஸ்ட்மாஸ்டரின் சாம்பல் நிறக் கோட்டு தைக்க வந்தது. அப்பா தைத்துக் கொடுத்தார். மறுநாள் போஸ்ட்மாஸ்டர் அதைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து மெதுவாக என்னிடம் நீட்டினார். கை மடிப்பு முழுக்க ரத்தச் சிவப்பு நூல். தையல் என்னவோ முத்து முத்தாக இருந்தது. அவர் நல்ல மனுஷர், "வயசாயிடுச்சில்ல" என்று மட்டும் சொன்னார். அப்பா உள்ளே இருந்து, "என்னம்மா?" என்றார். அளவு கொஞ்சம் தளர்ச்சியாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் உட்கார்ந்து பிரித்து நானே தைத்தேன். கோணல்தான்.

பலகையைப் பழைய மாதிரி மாட்டிவிடலாம் என்று பார்த்தேன். பழைய மாதிரி எது? அது அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பாவை எப்படிக் கேட்பது? கேட்டால் ஏன் என்பார்.

அதனால் இப்போது தினமும் வேலைக்குப் போகும் முன் அங்கே போகிறேன். அன்றைக்குத் தைக்க வேண்டிய துணி ஒவ்வொன்றின் மேலும் அதற்கான நூலை வைத்துவிட்டு வருகிறேன். "தேடற வேலை மிச்சம்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நல்லது என்று நினைத்துத்தான் மனுஷர்கள் எல்லாம் செய்கிறார்கள் தம்பி. கெடுதல் செய்யணும் என்று யார் ஒரு நூல்கண்டைத் தொடுவார்கள்? நீ அப்பாவுக்கு எதையும் எழுதிவிடாதே. என் மேல் ஆணை.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? கை வலிக்குக் கட்டுப் போட்டாயா? நான் சுகம்.

உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக எடுத்து, பிப்ரவரியில் எழுதியதில் இருந்து திரும்பப் படித்தேன். இனி பலகையைப் பற்றி நான் கேட்க மாட்டேன். டீச்சர் மேல் பழி போட்டதற்கு அவளுக்குத் தெரியாமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நீ பக்கத்தில் இருந்தால் உன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். எழுத்தில் அதைச் செய்ய வழி இல்லை. அப்பாவுக்கு எதுவும் எழுத மாட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நான் நன்றாக இருக்கிறேன். அக்காவும் மாப்பிள்ளையும் நலம். உனக்கு எப்போதும் உன் அம்மாதான் எழுதுவாள், அடியில் நான் கையெழுத்துப் போடுவேன். முழுக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. துணி வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கடிதம் வந்தது உன் அக்காவுக்குத் தெரியக் கூடாது.

கலசம் என்ன நிறம்?

நான் சிவப்பு என்று நினைத்துத்தான் செய்யச் சொன்னேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும், "நல்ல சிவப்பு" என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்கிறார்கள். கரண்ட் பில் கொடுக்க வந்தவன்கூடச் சொன்னான். நாற்பது வருஷம் ஆட்கள் நடுவில் தொழில் செய்திருக்கிறேன். கேட்காமல் யாரும் இன்னொருத்தன் வீட்டுச் சாமானுக்கு நிறம் சொல்ல மாட்டார்கள்.

போஸ்ட்மாஸ்டர் கோட்டு திரும்பி வந்ததும் தெரியும். தளர்ச்சி என்று உன் அக்கா சொன்னாள். நான் தைத்த கோட்டு தளராது. வேறு ஏதோ தப்பு நடந்திருக்கிறது. நூலில்தான் நடந்திருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உன் அம்மா போனபின் ஒரு நாள் நான் கட்டிலில் படுத்திருந்தேன். உன் அக்கா நூலையெல்லாம் இறக்கித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே துடைத்தாள். நடுவில் பேசி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. இடம் மாறுகிறதே என்று அப்போது தோன்றவும் இல்லை.

இப்போது காலையில் வந்து துணிக்குத் துணி நூலை வைத்துவிட்டுப் போகிறாள். நானும் ஒன்றும் அறியாதவன் மாதிரி தைக்கிறேன். சரியான நூலாகத்தான் வைப்பாள், கெட்டிக்காரி.

எனக்கு ஒரு நிறம் தெரிய வேண்டுமானால் கேட்கிற ஆள் ஒரே ஆள்தான். அவள் அந்தக் கலசத்துக்குள் இருக்கிறாள். உன் அக்காவைக் கேட்டால், தான் செய்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தாங்க மாட்டாள். அதனால் உன்னைக் கேட்கிறேன். அவள் உனக்கு எழுதியிருப்பாள். மறைக்காமல் எழுது.

அப்பா


செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பிள்ளை எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா?

அக்காவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குப் பதில் எழுதினால் அவளுக்குத் துரோகம், எழுதாவிட்டால் உங்களுக்கு. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் சிவப்பு என்றுகூட எழுதினேன். அதைப் படித்துவிட்டு, 'இவனும் வாசலில் மடக்கப்பட்டவன்தான்' என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று தோன்றியது.

பச்சை அப்பா. அடர்ந்த பாசிப்பச்சை.

உங்களுக்கு அது எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிற மாதிரி உங்களுக்கு எழுதிக் காட்டவும் வழி இல்லை. மாற்ற வேண்டுமானால் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டுமாம். அக்கா முன்பே கேட்டுவிட்டு வந்து அழுதிருக்கிறாள். நான் அங்கே இருந்தால் ஏதாவது செய்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஜனவரியில் வருகிறேன். அதுவரைக்கும் என்னால் ஆனது வெங்காயம் நறுக்குவதுதான்.

என்னை மன்னித்துவிடுங்கள். சொன்னதற்கும், இத்தனை நாள் சொல்லாததற்கும்.

உங்கள் மகன்


அக்டோபர் 3

மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். மறைக்காமல் எழுதினாய், அது போதும். மன்னிப்பு எல்லாம் எதற்கு.

படித்துவிட்டுக் கலசத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் மாறவில்லை. நேற்று எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் தெரிந்தது. ஆனால் நேற்று மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். அவளுக்கென்று ஒரே ஒரு காரியம் நானாகச் செய்தேன், அதுவும் இப்படி.

மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூடியைத் திறக்க எனக்குப் பயமில்லை. உன் அம்மாவை நான் எந்த நிலையிலும் பார்ப்பேன். ஆனால் ஒரு நாள் காலையில் உன் அக்கா நூல் வைக்க வருகிறாள், கலசம் நிஜமாகவே சிவப்பாக இருக்கிறது என்று வை. அவள் கதி என்ன? இத்தனை மாதம் ஊரையெல்லாம் நிறுத்திப் பொய் சொல்லச் சொன்னது, என்னிடம் சொல்லாமல் கோட்டைச் சரிசெய்து கொடுத்தது, எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். போனவளுக்கு நிறம் சரியாக வேண்டும். இருக்கிறவளுக்கு நான் குருடனாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு துணியில் வெட்ட முடியவில்லை. விட்டுவிட்டேன். உன் அம்மாவாக இருந்தாலும் இப்படித்தான் வெட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

முந்தாநாள் உன் அக்கா கலசத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "சிவப்பு கொஞ்சங்கூட மங்கவே இல்லப்பா" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எப்போதும் இல்லாத பார்வை. நான் மிஷினை ஓட்டிக்கொண்டே, "ஆமாம்மா, உங்க அம்மா நிறமாச்சே" என்றேன். அவள் துணியை அங்கேயே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். போய் என்னம்மா என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜனவரியில் வரும்போது, வாசலில் உன்னையும் மடக்குவாள். அவள் சொல்கிறபடியே சொல்லிவிட்டு உள்ளே வா.

அப்பா